இடைவேளையோடு எழுந்தவன்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததற்குச் சாட்சியாக மட்டும் அமருங்கள். பருத்தித்துறையில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டுவிழா விவாதம். பதின்ம வயதினரைப் பற்றிய பழைய திரைப்படங்கள் இன்றைய இளையோரின் நெஞ்சைத் தொடுவதில்லை என்று நிறுவ வேண்டிய அணிக்குப் பன்னிரண்டு வயதிலேயே நான் தலைவன். எந்த மேடையிலும் தோற்றறியாதவன். வரவிருந்த வெற்றிக் கிண்ணத்துக்கு அலுமாரியில் இடமும் ஒதுக்கியிருந்தேன்.

சான்று வேண்டுமே! முதல்நாள் பிற்பகல் அத்தகைய படமொன்றை மடிக்கணினியில் ஓடவிட்டு, பதினெட்டு வயது அக்காவை அருகில் இருத்தினேன். கதாநாயகன் பாடசாலை மாணவன், வெளிநாடு போகவிருப்பவன். கூடப் படிக்கும் பெண்ணிடம் மனத்திலுள்ளதைச் சொல்ல முடியாமல் பாட்டுப் பாட்டாக அலைந்தான்.

"உவனுக்கென்ன விசரே? கதைக்க வாயில்லையோ?" என்றாள் அக்கா.

அந்தச் சான்று எனக்குப் போதும். இடைவேளையோடு எழுந்து கண்ணாடி முன் ஒத்திகைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அரங்கில் அதே வாக்கியத்தை அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். கூரை அதிரக் கைதட்டினார்கள். "என்ரை மகன்" என்று அப்பா பக்கத்திலிருந்தவருக்கு அறிவித்தார். எதிரணித் தலைவி, உடுவிலிலிருந்து வந்தவள், எழுந்தாள். எங்கள் விவாத வழக்கப்படி அவள் ஒரேயொரு குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

"தம்பி, கடைசியிலை அந்தப் பெடியன் சொன்னவனோ, இல்லையோ?"

"அது... தலைப்புக்குப் புறம்பானது" என்றேன்.

"படம் பாக்காமலே வழக்காட வந்தனீர்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, சபை குலுங்கிச் சிரித்தது.

அப்போது சபை நடுவிலிருந்து அக்கா எழுந்தாள்.

"சொல்லேல்லை. சொல்லாமலே போயிட்டான். அவள்தான் கடைசிமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவள்."

அவளுடைய குரல் பாதியில் உடைந்தது. நான் எழுந்துபோன பின்னும் தனியே இருந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாள்! சிரித்த சபை அடங்கிற்று. நடுவர்கள் அதற்குமேல் சான்று தேடவில்லை. கிண்ணம் உடுவிலுக்குப் போயிற்று.

வீடு திரும்பும்போது, முந்திய மாதம் கனடாவுக்குப் போய்விட்ட அயல்வீட்டு அண்ணையின் வாசல் கேற்றடியில் அக்கா சற்று நின்றாள். பயிற்சியில்லாதவர்களுக்கு அவையில் குரல் நடுங்குவது இயல்பு என்பதை நான் நன்கறிவேன். ஆகவே தோல்வியை மறந்து, மிகுந்த பெருந்தன்மையோடு, தெருவே கேட்க வாக்களித்தேன்:

"அக்கா, கவலைப்படாதேங்கோ! நாளையிலையிருந்து நானே உங்களுக்கு மேடைப்பேச்சுப் பழக்கிறன். இனி உங்கடை குரல் உடையாது!"