ஏழாவது குடித் தூண்

பழுகாமத்துக்கு அப்பால், வாவிக்கரையில் இருந்த அந்தச் சிறிய ஊரில் கண்ணகி அம்மன் கோயிலுக்கு ஏழு தூண், குடிக்கு ஒன்று. குடி என்பது தாய்வழியே இறங்கும் வம்சம். ஏழாவது குடியில் மிஞ்சிய பெண் சின்னத்தங்கம்; அவளுடைய ஒரே மகளை அம்மாள் நோயான வைசூரி கொண்டுபோனது. மகன் இருந்தான், அவன் பிள்ளைகள் அவன் மனைவியின் குடி. சின்னத்தங்கம் கண்ணை மூடினால் அவள் குடிக்கு மிஞ்சப்போவது அந்தத் தூண் மட்டுமே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, ஓலைக் கூரையைப் பிரித்து ஓடு போடுவதென்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வினாயகமூர்த்திப் போடியார் முடிவெடுத்தார். தூண்களைச் சுற்றிச் செங்கல் கட்டிச் சுண்ணாம்பு பூசுவது. பழைய மரம் உள்ளேயே நிற்கும்.

“ஒரு தூணைப் புடுங்கினாலும் அந்தக் குடிப் பொண்டுகள் என்னை உசிரோட விடமாட்டாளுகள்,” என்றார்.

காத்தான்குடியிலிருந்து வந்த மேசன் முகைதீன்பாவா தூண்களைத் தட்டிக்கொண்டே வந்தான். ஏழாவதில் கை நின்றது. பக்கத்தில் நின்ற சின்னத்தங்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, இது மத்தளம் மாதிரிக் கேக்குது. கறையான் பூந்திரிக்கி. கழட்டிட்டு முழுக்கக் கல்லால கட்டுவமே?”

வெறுங்கல்லைக் காட்டி எந்தக் குடியின் பெயரைச் சொல்வது என்று நினைத்தாள் அவள்.

“பழைய மரம் அப்பிடித்தான் கேக்கும், தம்பி. வருசா வருசம் மஞ்சள் பூசுறவள் நான். எனக்குத் தெரியாதா?”

“கல்லு வெறும் சட்டைதான். ஓட்டுப் பாரம் மரத்திலதான் நிக்கும், சொல்லிப்போட்டன்.”

“மச்சாளே சொல்லிட்டா. நீ கட்டு, மேசன்,” என்றார் போடியார்.

கடைசியாக மஞ்சள் பூசியபோது விரல் மரத்துக்குள் இறங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை முடிந்து கதவைச் சாத்தினார்கள். வைகாசிச் சடங்குக்கு மட்டுமே அது திறக்கும். இடையில் எவரும் உள்ளே போவதில்லை. மாரி மழையில் வாவி கோயில் மதில்வரை ஏறி வற்றியது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் சின்னத்தங்கம் சுவரில் காதை வைத்தாள். ஒருநாள் உள்ளே ஓடு விழுந்து உடைந்தது. பூனையாக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

வைகாசியில் கதவு திறந்தது. ஏழாவது தூணின் வெள்ளையில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. அடியில், மாவைச் சலித்துக் கொட்டினாற்போல மரத்தூள். சீலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள். நிமிர்வதற்குள் மருமகள் அன்னப்பூரணி வந்து அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எழும்பு புள்ள. உன்ர குடித் தூண் அங்கால. அங்க போய் இரு.”

“என்ன மாமி, நான் சாஞ்சா உங்கட தூண் தேஞ்சிருமா?”

பெண்கள் சிரித்தார்கள். அன்னப்பூரணி முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலோரம் போனாள்.

எல்லாரையும் வெளியே போகச் சொல்லச் சின்னத்தங்கத்துக்கு வாய்வரை வந்தது. சொன்னால், விடிந்ததும் தூணைப் பிடுங்கிவிடுவார்கள். சின்னத்தங்கம் முதுகைத் தூணோடு அழுத்தி நின்றாள். உடுக்கு முழங்கியது. சனம் நெருக்கியடித்து உள்ளே வந்தது. அவள் தலையில் சுண்ணாம்பு உதிரத் தொடங்கியது.