மாற்றிப் போட்டுப் பார்த்தோம்

என் தம்பிக்குக் கேம் என்றால் உயிர். ஓசூரில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சம். வந்தவர்கள் கட்டில்மேல்தான் உட்கார வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மேசை உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை. டிபன் முடிந்த கையோடு கார் பந்தயம் ஓட்ட உட்கார்ந்தவன், உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான்.

"ண்ணா, கன்ட்ரோலர கம்ப்யூட்டரு எடுக்கவே மாட்டேங்குது. வந்து பாருண்ணா."

நான் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மிக்சி நின்றாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் இந்தத் தெருவில் என்னைத்தான் தேடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், நிறைய எரிச்சல். "நீ தொட்டாலே எல்லாம் கெட்டுப்போவுதுடா" என்று திட்டிக்கொண்டே ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி வந்தேன்.

தம்பிக்கு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. அச்சிலிருந்து வரும் இரும்பு வார்ப்புகளின் பிசிறைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க அந்த அதிர்வு அவன் கையில்தான். கான்ட்ராக்டில் சேர்ந்தவனை இந்த முறை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதற்கு முன் மெடிக்கல் டெஸ்ட் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா இதைச் சொல்லாத வீடு பாக்கியில்லை.

கோளாறு கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி உண்டு. சந்தேகம் உள்ள பாகத்தைக் கழற்றி நல்ல மெஷினில் மாட்டுவோம், நல்ல மெஷினில் இருந்ததை இங்கே மாட்டுவோம். கோளாறு பாகத்தோடு கூடவே போனால் பாகம் கெட்டது. போகாமல் பழைய இடத்திலேயே நின்றால் இடம் கெட்டது. ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் இப்படி எதையாவது மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். என் தம்பிக்கும் இது ஊறிப்போன விஷயம். ரசம் சரியில்லை என்றால் புளியை மாற்றிப் பார் என்பான்.

முதலில் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையிலிருந்து வயரைப் பிடுங்கிப் பின்பக்கம் செருகினேன். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற அந்தக் கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது, திரையில் எதுவும் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். அப்போதும் கம்ப்யூட்டரின் பட்டியலில் கன்ட்ரோலர் என்று ஒரு வரி இல்லை. என் போனின் கேபிளை எடுத்து மாட்டியதும் டிங்கென்று ஒரு சத்தம், பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அவன் மாட்டியிருந்தது வெறும் சார்ஜ் போடுகிற கேபிள். கரண்ட் போகும், தகவல் போகாது. "இதுக்கா என்ன எழுப்புன" என்றேன். "நீ எங்க தூங்கன" என்றான். இருவரும் சிரித்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. கன்ட்ரோலரைச் சோதிக்கும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கச் சொன்னேன். அமுக்கினால் திரையில் அந்த வட்டம் நிறம் மாற வேண்டும். இடது பக்கம் எல்லாம் மாறியது. வலது பக்கம் சில தடவை மாறியது, சில தடவை சும்மா இருந்தது. வாங்கி நான் அமுக்கினேன். ஒன்றும் தவறவில்லை.

"உனக்கு அமுக்கவே தெரியலடா."

"நல்லாத்தாண்ணா அமுக்கறேன்."

அடுத்து அதிர்வு. கார் மோதும்போது கையில் உதறுமே, அதற்காக இரண்டு பக்கமும் உள்ளே ஒவ்வொரு மோட்டார் இருக்கும். அதே வலைப்பக்கத்தில் அதை ஓடவிடும் பட்டனை மவுஸால் தட்டிவிட்டேன். உர்ரென்று சத்தம் எனக்கே கேட்டது.

"லெஃப்ட்டுல வருது. ரைட்டுல வர்ல. ரைட்டு மோட்டார் போச்சுண்ணா."

நான் வாங்கிப் பிடித்தேன். இரண்டு பக்கமும் உதறியது. திரும்ப அவனிடம் கொடுத்தேன். "வர்லண்ணா" என்றான், என்னவோ நான் ஏமாற்றுவது மாதிரி.

உள்ளே ஏதோ லூஸ் கான்டாக்ட் என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். தேடும்போதே, கேட்காமல், மார்கழி மாதத்துக் காலைகள் நினைவுக்கு வந்தன. தம்பி பனியில் பைக் ஓட்டிக்கொண்டு கெலமங்கலம் ரோட்டு டீக்கடையில் வந்து இறங்குவான். விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருக்கும். டீ கிளாசை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் நிற்பான். ஓசூர்ப் பனி அப்படித்தான் என்று நினைத்தோம். அதே பனியில்தான் நானும் வருவேன், என் விரல் ஒரு நாளும் வெளுத்ததில்லை. சட்டைப் பொத்தானை அவன் இடது கையால் போட ஆரம்பித்ததும் அந்த மாதம்தான்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத அப்படியே திருப்பிப் புடி. லெஃப்ட்டு மோட்டாரு உன் ரைட்டு கைக்கு வரட்டும்."

"எதுக்கு?"

"புடிடா."

திருப்பிப் பிடித்தான். மவுஸைத் தட்டினேன். சத்தம் வந்தது. வெளியே வீட்டுக்காரம்மா தெலுங்கில் யாரையோ தண்ணீருக்காக ஏசிக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்டுல வருது" என்றான். "ரைட்டுல..."

கோளாறு பழைய இடத்திலேயே நின்றது. அவனுக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கன்ட்ரோலர் அவன் கைகளில் உதறிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன்தான் கேபிளைப் பிடுங்கினான்.

"மெடிக்கல்ல இதல்லாம் பாப்பாங்களாண்ணா?"

"தெரியலடா. நாளைக்கு லீவு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துர்லாம்."

"லீவு போட்டா பர்மனென்ட்டுல கை வெப்பாங்கண்ணா."

"கையே போனா பர்மனென்ட்ட வெச்சி என்னடா பண்ணுவ?" கத்திவிட்டேன். கோபம் இல்லை, பயம்.

அவன் வலது கை விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான், கோளாறுக்கு வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு.

"ஒண்ணும் இல்ல, வுடுண்ணா. நாளையிலருந்து கிரைண்டர லெஃப்ட்டு கையில புடிச்சிக்கறேன்."