பிரிக்காத உறை

ஆர்வில் ஸ்கார் தன் புத்தகம் திருடுபோனதை ஒரு கிறிஸ்துமஸ் பரிசைப் பிரித்தபோதுதான் தெரிந்துகொண்டார். பரிசைக் கொடுத்தவள் வில்மா. அவரோடு இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, இப்போது விதவை.

"இந்தா ஆர்வில், உங்க ஆளுங்களப் பத்தி எவனோ எழுதியிருக்கான். நீயும் எழுதினேன் எழுதினேன்னு சொல்லிக்கிட்டு இருப்பியே, இதப் படிச்சுப் பாரு. இது நல்லா இருக்கு."

"நீ என்னுத படிச்சியா?"

"வாங்கணும்னுதான் இருக்கேன், கோவிச்சுக்காத."

அவர் நாலைந்து பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "வில்மா, இது என்னோடதுதான்," என்றார். அவர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

நான் அடுப்படியில் அவருடைய மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவருக்கு எழுபத்தெட்டு வயது, பலவீனமான இதயம். தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும், கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்க்க வேண்டும். அவரைவிட ஆறு வயதுதான் எனக்குக் குறைவு. ராணுவத்தில் மாதிரி அதட்டுகிறேன் என்று என்னை அவர் சார்ஜன்ட் என்றுதான் கூப்பிடுவார்.

டுலூத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் முப்பத்தொரு வருடம் சமையல்காரராக இருந்தவர். ஒரு நவம்பரில், கடல்போல் விரிந்த ஏரியின் நடுவே, இருபத்தாறு பேருக்கு இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி ஆல்மா இறந்துவிட்டதாகக் கப்பல் வானொலியில் செய்தி வந்தது. புயல். கரைக்கு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் சமைத்தார். புத்தகத்தின் முதல் அத்தியாயம் அதுதான். திருடியவன் அதை வரிக்கு வரி அப்படியே வைத்திருந்தான். ஆல்மா என்ற பெயரை மட்டும் ரோஸ் என்று மாற்றியிருந்தான்.

"அவ பேரையாவது விட்டிருக்கலாம், சார்ஜன்ட். அந்தப் புத்தகம் கடையில இருக்கக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"உங்க பேர்ல பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"அதெல்லாம் பக்காவா இருக்கு," என்றார். எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தார். மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து தடித்த பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, வந்ததைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். ஒட்டிய இடத்தின் மேலேயே தபால் முத்திரை. வீடு தீப்பிடித்தாலும் ஃப்ரீசர் தப்பிக்குமாம். இதைக் கப்பலில் ஒரு பழைய இஞ்சினியர் சொல்லிக்கொடுத்தாராம். கவிதை எழுதுகிறவன், பாட்டு கட்டுகிறவன், கருவி கண்டுபிடிக்கிறவன் எல்லோரும் அங்கே இப்படித்தான் செய்வார்களாம்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைகளில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் ரெனாட்டா ஓகர்லண்டிடம் அவரைக் கூட்டிப்போனேன். உறையில் படிந்திருந்த பனி உருகி அவள் மேசையில் சொட்டியது.

"மிஸ்டர் ஸ்கார், எழுதின அன்னிக்கே உரிமை உங்களோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா கோர்ட்டுக்குப் போகணும்னா வாஷிங்டன்ல பதிப்புரிமை ஆபீஸ்ல பதிவு பண்ணியிருக்கணும். இந்த உறைக்கு அங்க மதிப்பே கிடையாது."

"அரசாங்க முத்திரைம்மா அது."

"ஒட்டாத உறைய அனுப்பிட்டு, அப்புறம் உள்ள எத வேணா வச்சு ஒட்டலாமே."

"நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"நீங்க இல்ல. ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்?"

அவள் வழியைச் சொன்னாள். முதலில் அதை விற்கும் இணையக் கடைக்குப் புகார் அனுப்பலாம். அந்தப் புத்தகத்தை இறக்கிவிடுவார்கள். திருடியவன் எதிர்த்து எழுதினால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் நாம் வழக்குப் போட வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வழக்குப் போடப் பதிவு வேண்டும். அவசரக் கட்டணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஆர்வில் புகாரில் கையெழுத்துப் போட்டார். பதிவு விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் புத்தகம் கடையிலிருந்து மறைந்தது. அன்று அவர் காட்டரிசி சூப் வைத்தார், நான் கூடாதென்று சொன்ன அளவு உப்புப் போட்டு. அடுத்த வாரமே எதிர்ப்புக் கடிதம் வந்தது. தானே எழுதியது என்று அந்த ஆள் சத்தியம் செய்திருந்தான்.

"இப்ப விண்ணப்பத்தப் போடணும், ஆர்வில். இன்னைக்கே."

"தகராறு வந்திடுச்சுல்ல, இனிமே ஜட்ஜ் கூப்பிடுவார். அவர் முன்னாடிதான் உறையப் பிரிப்பேன்."

"யாரும் கூப்பிட மாட்டாங்க. நாமதான் போகணும்."

"முப்பத்தொரு வருஷம் கப்பல்ல இருந்தவன்கிட்ட நீ சட்டம் பேசாத."

பத்து நாள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போக டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தார். நான் ரெனாட்டாவைக் கூப்பிட்டிருக்கலாம், வெளியூரில் இருக்கும் அவர் மகளைக் கூப்பிட்டிருக்கலாம். எடை, மாத்திரை, கால்வீக்கம்தான் என் வேலை, மற்றது அவர் பாடு என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் புத்தகம் திரும்பக் கடையில் ஏறியது. அவரிடம் நான்தான் காட்டினேன். அவர் டையை எடுத்து அலமாரியில் மாட்டினார்.

பிப்ரவரியில் மூன்றே நாளில் ஆறு பவுண்டு எடை ஏறியது. உடம்பில் நீர் தேங்கியிருந்தது. மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலைக் கூடத்தில் போட்டோம்.

"சார்ஜன்ட், அந்த விண்ணப்பம் இன்னும் சட்டைப்பையிலதான் இருக்கு," என்றார் ஒரு காலை.

"அது வேணாம், கம்ப்யூட்டர்லயே போடலாம். பொறந்த வருஷம் சொல்லுங்க."

தலைப்பு, ஆசிரியர், எழுதி முடித்த வருடம், முதலில் வெளியான தேதி. ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தேன். மூச்சு வாங்க நடுவே நிறுத்திக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

அதன்பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

பதிப்புரிமை அலுவலகத்துக்கு அச்சுப் புத்தகம் இரண்டு பிரதி அனுப்ப வேண்டும். தபால் நிலையம் போய் அனுப்பினேன். மார்ச் ஒன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. காதருகே குனிந்து சொன்னேன். விழித்திருந்தார், ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. பதினேழாம் தேதி விடிந்தபின் இறந்தார். அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கட்டில் விரிப்பை மாற்றிவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகள் கார்லாவைக் கூப்பிட்டேன்.

சான்றிதழ் ஜூலையில் வந்தது. ரெனாட்டா பதிவு எண்ணைப் போட்டு அந்த ஆளுக்கும் கடைக்கும் கடிதம் எழுதினாள். அவனிடமிருந்து பதிலே இல்லை. ஆகஸ்டில் அவன் புத்தகம் கடையிலிருந்து இறங்கியது, பிறகு ஏறவில்லை. எல்லாம் ஒரு கடிதத்தில் முடிந்தது.

கார்லாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "உங்க அம்மா பேர மாத்திப் போட்ட புத்தகம் இனிமே கிடையாது."

"அப்பா புத்தகத்துல அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"மொதல் அத்தியாயமே அவங்கதான்."

"கப்பல், சமையல்னு ஏதோ எழுதியிருக்கார்னு நெனச்சேன். அனுப்பினார். நான் உறையப் பிரிக்கவே இல்ல."

எந்த அலமாரியில் இருக்கிறதென்று தேடிப்பார்க்கிறேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.