ரயில்வே கேட்டில் என் மனைவி பேசியவை

1968 ஜூன், முதல் திங்கட்கிழமை. காலை ஏழரைக்குத் திருவொற்றியூர் ரயில்வே கேட் மூடப்பட்டது. எண்ணூர்ப் பக்கமிருந்து சரக்கு வண்டி வர வேண்டியிருந்தது. என் மனைவி இறந்து இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அவள் கற்பித்த பள்ளிக்கும் நான் கற்பித்த கல்லூரிக்கும் சேர்ந்து நடந்த வழி அது. அன்று தனியே நின்றிருந்தேன்.

கேட்மேன் ஒல்லியான மனிதர். நரைத்த மீசை, காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் எப்போதும் இராது. கேட்டை இறக்கியதும், காத்திருப்பவர்களில் பேச்சுத்துணை இல்லாமல் நிற்பவர் பக்கத்தில் அவர் போய் நின்றுகொள்வார். ஒன்பது ஆண்டுகள் என் மனைவியின் அருகில் நின்றார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று என்னிடம் வந்தார்.

"அம்மா ஊருக்குப் பூட்ச்சா சார்?"

சொன்னேன்.

"இங்கே நிற்கும்போது என்ன பேசுவாள்?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்குறியே சார்! பக்கத்துலதான நின்னுகினு இருந்தே? உன்னாண்ட சொல்லலாம்னு பாத்துகினே இருக்கும். நீ பேப்பர மடிக்கவே மாட்டே. அப்பால என்னாண்ட சொல்லிட்டுப் பூடும்."

வண்டி வரும்வரை, அவள் என்னிடம் கேட்க நினைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கு என்மேல் கோபமா, இரக்கமா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவற்றில் நான் செய்யாதவை:

மழையில் உப்பி இறுகிப்போன சமையலறை ஜன்னலை இழைத்துத் திறப்பது.

அவள் அக்காவுக்கு என் கைப்பட ஒரு கடிதம்.

ராயபுரம் கரைக்குப் படகுகள் திரும்புவதை, ஒரு காலை, அவளோடு நின்று பார்ப்பது.