கூன் விழுந்த கிளி

காஜிமார் தெரு ஹாஜராவுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வராது. ‘தெரியாது’ என்பதுதான் அது. தையல் மிஷின் வீட்டுக்கு வந்த அன்று, ஓட்டத் தெரியுமா என்று புருஷன் பக்கீர் முகமது கேட்டதற்கும் தெரியும் என்றுதான் சொன்னாள். விரலில் இரண்டு முறை ஊசி இறங்கிய பிறகு அது உண்மையாயிற்று. துணியை மரவளையத்தில் மாட்டி, ஓடும் ஊசிக்கடியில் கையால் நகர்த்திப் பூப்போடுவதில் பத்து வருஷத்தில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம், மகால் அரண்மனைக்குப் பக்கத்தில் தறி வைத்திருந்த ஹரிராம் ஒரு குழந்தைச் சட்டையோடு வந்து வாசல் திரைக்கு வெளியே நின்றான். வெளி ஆண்கள் முன்னால் ஹாஜரா வரமாட்டாள். பேச்சும் வேலையும் திரை வழியேதான். சட்டை மெல்லிய பனியன் துணி.

“மார்ல ஒரு பச்சைக்கிளி போடணும்க்கா. பிள்ளை ஏழு மாசத்துலயே பொறந்துருச்சு. மூணு பவுண்டுதான். முன்னாடி ஒண்ணு தங்கல. இதுக்காச்சும் புதுச்சட்டை போட்டுப் பாக்கணும்னு வீட்ல ஆசைப்படுறா. பனியன் துணியில போடத் தெரியுமாக்கா?”

“தெரியாம என்ன?” என்றாள் ஹாஜரா. அதுவரை போட்டதில்லை.

இழுத்தாலும் நீளாத மல் துணியை மாட்டுவதுபோலவே பனியனையும் விறைப்பாக இழுத்து வளையத்தில் மாட்டினாள். கிளி அம்சமாக வந்தது. வளையத்தைக் கழற்றியதும் துணி பழையபடி சுருங்க, கிளியும் கூடவே சுருங்கிக் கூன் விழுந்து கத்தரி வற்றல்போல ஆகிவிட்டது. பிரித்தால் துணி ஓட்டையாகும். ஒரு பகல் முழுக்க அதை முறைத்துப் பார்த்தாள். கிளி திருந்தவில்லை.

ஹரிராம் வந்தபோது, திரைக்கு வெளியே இரண்டு கைகள் மட்டும் நீண்டு சட்டையை இழுத்துக் காட்டின. கிளி நிமிர்ந்தது. கைகள் தளர்ந்தன. கூன் விழுந்தது.

“பனியன் துணி எனக்குத் தெரியாது தம்பி. கெடுத்துப்புட்டேன். பிள்ளைக்கு மாரு இம்புட்டு அகலம் வந்தாத்தான் கிளி நிமிரும். வேற சட்டை வாங்கியாங்க, சும்மாவே போட்டுத் தாரேன்.”

ஹரிராம், “இதுவே இருக்கட்டும்க்கா” என்று வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவன் நூல் மூட்டையோடு அந்தத் தெரு வழியாகப் போவான். பிள்ளை இருக்கிறதா என்று கேட்க ஹாஜராவுக்கு நா எழவில்லை. அதனால் கிளியை விசாரித்தாள்.

“கிளி எப்படி இருக்கு தம்பி?”

“அப்படியேதான்க்கா.”

இரண்டு மாதம் இதே பதில். அதற்குள் அவள் பனியனுக்கு வழி கண்டுபிடித்திருந்தாள். அடியில் காகிதம் வைத்து, இழுக்காமல் மாட்டித் தைத்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பக்கீர் முகமதுவின் பனியன்கள் இரண்டு செலவாயின. அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஹரிராம், “வால் மட்டும் லேசா நிமிந்திருக்குக்கா” என்றான். அன்று பக்கீர் முகமதுவுக்குக் காரணமே தெரியாமல் நெய்ச்சோறு கிடைத்தது.

அதற்கப்புறம் மூன்று வெள்ளி ஹரிராம் வரவில்லை. ஹாஜராவைப் பயம் பிடித்துக்கொண்டது. ஆளனுப்பி விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்று அனுப்பாமல் இருந்தாள்.

நாலாம் வெள்ளி, திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் பிள்ளை.

“நான் சுந்தரவல்லிக்கா, ஹரிராம் வீட்டுக்காரி. அவுகளுக்குத் தறியில அவசர வேலை, அதான் இந்தப் பக்கம் வரல.”

முதுகுப் பித்தான் தெறிக்கும்படி சட்டை பிள்ளைக்கு இறுகியிருந்தது. கிளி நிமிர்ந்ததோடு நிற்காமல், அகன்று பெருத்துக் கோழியாகியிருந்தது. ஹாஜராவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சட்டை பத்தாது” என்றாள்.

“அதுக்குத்தான்க்கா வந்தேன்.” சுந்தரவல்லி பெரிய பனியன் சட்டை ஒன்றை நீட்டினாள். “இதுலயும் ஒரு கிளி.”

“இப்ப நெசமாவே தெரியும்மா. காகிதம் வச்சுப் போட்டா சுருங்கவே சுருங்காது.”

“வேணாங்கக்கா. முன்ன மாதிரியே இழுத்துப் போடுங்க. அது நிமிர நிமிரத்தான் நாங்க பயமில்லாமத் தூங்குனோம்.”

ஹாஜரா காகிதத்தை எடுத்து அப்பால் வைத்தாள். புதுச் சட்டையை வளையத்தில் மாட்டி, நாலு பக்கமும் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.