மலை மைதானத்தில் என் மச்சான்

செய்தி வந்தபோது ஈரோட்டு மண்டியில் என் மஞ்சளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மில் கணக்குப்பிள்ளை மூச்சு வாங்க வந்து நின்றார். “ஏனுங்க, உங்க மச்சான் தவறிட்டாருங்க.” என் அக்காள் புருஷர், கோயமுத்தூர் மில் முதலாளி சென்னியப்பன், காலையில் பல் துலக்கும்போதே சாய்ந்துவிட்டாராம். அக்காளை நினைத்துக் கண் கலங்கியது. அவரை நினைத்து அல்ல. அவரை அறிந்த நீங்கள் இதற்கு ஆச்சரியப்படமாட்டீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களின் மலைக் கிளப் அவரை உறுப்பினராகும்படி அழைத்ததாம், தேசாபிமானத்தால் மறுத்துவிட்டாராம். ஒருவர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கதையைக் கட்டி ஊரில் விட்டவர் மச்சானேதான். அன்று அவருடன் மலைமேல் இருந்தவன் நான்.

கோல்ஃப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்ல வேண்டும். “தொரைக கூட நடந்தாத்தானுங்க நம்ம நடை நிமுரும்” என்பார். கருமத்தம்பட்டியில் விளைந்து நின்ற சோளக்காட்டை அழித்துக் குழி தோண்டினார். சித்திரை வெயிலில் கம்பளிக் காற்சட்டை மாட்டிக்கொண்டு மட்டையைச் சுழற்றுவார். பந்து பாதி நேரம் தரையிலேயே கிடக்கும். பண்ணையாட்கள் களை வெட்டுவதை விட்டுவிட்டு வரப்பில் நின்று கை தட்ட வேண்டும். தட்டாதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. இவரைத்தான் ஏழை பங்காளர் என்றார் ஒரு பேச்சாளர்.

மலைமேல் இருந்த அந்தக் கிளப்பின் மைதானமோ வேறு சங்கதி. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வந்து பந்தயம் ஆடும் இடம் அது. செங்குத்தான சரிவுகள், நடுவே ஓர் ஓடை, இருபுறமும் முட்புதர். பெரிய ஆட்டக்காரர்களே அங்கே தலையில் கை வைப்பார்களாம். பந்தயம் முடிந்த மறுநாள், மச்சானுக்குப் பழக்கமான தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் தன்னோடு அங்கே ஆட அவரை அழைத்தார். ஒழுங்காக ஆடினால் சாயங்காலமே உறுப்பினராக அவர் பெயரைச் சொல்வதாகவும் வாக்களித்தார். மேட்டுப்பாளையம் தாண்டியதிலிருந்து மலையேறும் வரை காரில் மச்சான் இங்கிலீஷில்தான் பேசினார். என்னிடமும்!

ஓடையருகே அவர் அடித்த பந்து புதருக்குள் போய் மறைந்தது. தேடிப் போனார். பந்து தொலைந்தால் தொலைந்தது என்று ஒப்புக்கொண்டு, தண்டனையாக ஓர் அடியைக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. இவரோ சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்தைப் புல்மேல் நழுவவிட்டு, கிடைத்துவிட்டது என்று கூவினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதிர்ச்சியே இல்லை. பருத்திப் பொதியைத் தண்ணீர் தெளித்து எடை கூட்டி விற்றவர்தானே.

ஆனால் துரை, ஓடைச் சேற்றில் மச்சான் முதலில் அடித்த பந்தைக் கண்டுபிடித்துவிட்டார். மச்சானைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. மட்டைப் பையைச் சுமந்து நின்ற மாதன் என்ற தலை நரைத்த ஆளிடம் திரும்பினார். “இனாமுக்காகப் பந்தைப் போட்டாயா, திருட்டுப் பயலே? இனி இந்தக் கிளப்பில் உனக்கு வேலை கிடையாது” என்று தமிழிலேயே கத்தி, பிரம்பை ஓங்கினார். மாதன் பையை இறக்கி வைத்தான்.

மச்சான் வாய் திறக்கமாட்டார் என்று நிச்சயமாக இருந்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. துரையைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த கிளப் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு நாள் கற்ற இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, “அவன உடுங்க தொரை. நாந்தானுங்க போட்டேன்” என்றார்.

துரை மாதனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மச்சானிடம், கார் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டார். ஆட்டம் அதோடு முடிந்தது. மாதன் பையைத் தூக்கிக்கொண்டு துரையின் பின்னால் போனான்.

இறங்கும் வழியில் மச்சான் புலம்பினார். “என்ன எழவுக்கு வாயத் தொறந்தேன்னே தெரியல மாப்ள. இத ஊட்ல யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.” சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மானமாக நடந்துகொண்ட ஒரே நாளை மானக்கேடு என்று மூடி மறைத்தார். அதன்மேல் ஒரு பொய்யைக் கட்டிக் கடைசிவரை மாலை வாங்கிக்கொண்டார். இந்த மனிதரை வேறு எப்படி நினைப்பது?

கூட்டம் முடிந்த பிறகு அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். “இத அப்பவே சொல்லியிருந்தா, அந்த மனுசனுக்கு ஒரு நாளாவது நல்லபடியாச் சோறு போட்டிருப்பனே கண்ணு” என்றாள்.

அவருக்குக் கொடுத்த வாக்கை அக்காளிடமும் இங்கேயும் மீறிவிட்டேன். மேடையில் கேட்ட புகழையெல்லாம் பேசியவர்களே வைத்துக்கொள்ளட்டும். மில்லையும் காரையும் பங்காளிகள் பிரித்துக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய அந்த “நாந்தானுங்க” போதும். எடுத்து வைத்துக்கொள்ள வேறெதுவும் அவரிடம் இருக்கவும் இல்லை.