செக்கிங் ஏறிய மொட்டை மாடி

பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவள் விசிலக்கா. அவள் ஊதினால் அடுத்த ஸ்டாப்பிங்கில் நிற்கிறவர்கள்கூட பையைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிடுவார்கள் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். டிப்போவில் அவளுடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு மழை நாளில், சட்டென்று போட்ட பிரேக்கில் பின்படியிலிருந்து ரோட்டில் விழுந்தாள். வலது முட்டி நொறுங்கியது. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. தினமும் மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார் டாக்டர். அவளுக்கோ வாசலில் இருந்த ஒற்றைப் படியில் கால் வைக்கவே கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்ற வேண்டியிருந்தது. டிப்போ ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"இனிமே எதுக்கும்மா பஸ்ஸு? நிரந்தரமா உள் வேலைக்கே எழுதிக் குடுத்துடு," என்று ஒரு ஃபாரத்தை நீட்டினார் மேனேஜர். கையெழுத்துப் போடவும் மனசில்லை, தூக்கி எறியவும் தைரியமில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவள் புருஷன் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியோடு வந்து நின்றார். வீடு மாறிப்போன வாடிக்கையாளர் ஒருவர் வளர்க்க இடமில்லாமல் கொடுத்துவிட்டாராம்.

"என்னையே ஒரு ஆள் பாத்துக்க வேண்டியிருக்கு. இதுல இது வேறயா?"

"ரெண்டு நாள் இருக்கட்டும். பிடிக்கலன்னா திருப்பி விட்டுடறேன்."

ரெண்டு நாள் ரெண்டு மாசமாயிற்று. யார் வந்தாலும் குட்டி முதலில் அவர்கள் பைக்குள் மூக்கை நுழைக்கும். "டிக்கெட் இருக்கான்னு பாக்குதுங்க!" என்று அக்கா சிரித்து, செக்கிங் என்று பேர் வைத்தாள். பேர் வைத்ததுதான் தாமதம், தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வாசல் கேட்டின் கொண்டியை மூக்கால் தூக்கித் திறந்தது. காயப்போட்ட சட்டைகளில் பொத்தானை மட்டும் பொறுக்கித் தின்றது. மாடியிலிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஒரு லீவு நாள் மத்தியானம் மேலேயிருந்து அந்தம்மாவின் கூச்சல்.

"ஏம்மா! உன் ஆடு மொட்டை மாடியில தண்ணி டேங்க் மேல நிக்குது! வாயில என் புதுத் திரைச்சீலை! விழுந்து தொலைஞ்சா என்னைச் சொல்லக்கூடாது!"

புருஷன் பட்டறையில் இருந்தார். டேங்கின் விளிம்போ ஒரு சாண் அகலம். விசிலக்காவுக்கு உயிரே கையில் இல்லை. "அங்கேயே நில்லுடி, சனியனே!" என்று கத்திக்கொண்டு படியேறினாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மொட்டை மாடி. டேங்குக்குப் போகும் இரும்புப் படியிலும் காலை வைத்து, எட்டிக் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறக்கினாள். அது திரைச்சீலையை மென்றபடி, ஒன்றும் நடக்காததுபோல அவளைப் பார்த்தது.

சண்டைக்கு வந்த வீட்டுக்காரம்மா பாதியில் நின்றாள்.

"ஏம்மா, உன் கைத்தடி எங்க?"

அக்கா எட்டிப் பார்த்தாள். கீழே வாசலில் கிடந்தது. முட்டி வலித்தது. ஆனாலும் விசிலக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"திரைச்சீலை போனா போகுது," என்றாள் வீட்டுக்காரம்மா. "நாளைக்கும் ஏறி வா. இந்தக் கழுதையைக் கூட்டிட்டு வராதே."

சாயங்காலம் அந்த ஃபாரத்தை எடுத்துச் செக்கிங்கின் வாயருகே நீட்டினாள். செருப்பைக்கூட விடாத ஆடு, மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இதுக்கே பிடிக்கலங்க!" என்று சொல்லித் தானே நாலாகக் கிழித்தாள். புருஷன் அவள் தலையில் கைவைத்தார்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் மாடிதான். வீட்டுக்காரம்மா தடுத்தும் செக்கிங் கேட்கவில்லை. நாலு படி முன்னால் ஓடி நின்று, 'இன்னுமா வரல?' என்கிற மாதிரி திரும்பிப் பார்க்கும். விட்டுக்கொடுப்பாளா அவள்? மூன்றாம் வாரம் கைத்தடி கதவுக்குப் பின்னால் போயிற்று.

பஸ் வேலையே வேண்டும் என்று அவள் கேட்டதால், ஆறாம் வாரம் டிப்போவில் சோதனை வைத்தார்கள். காலி பஸ்ஸில் பின்படியில் ஏறி முன்படியில் இறங்க வேண்டும், பத்து தடவை. டாக்டர் எண்ணினார். பத்து முடிந்தும் அவள் நிற்காமல் பதினொன்றாவது தடவை ஏறினாள். பிறகு ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாள்.

"நிம்மதியா உக்காந்திருக்கலாமேன்னுதாம்மா சொன்னேன்," என்று தலையைச் சொறிந்தார் மேனேஜர்.

"உக்காரணும்னா நான் பாசஞ்சராவே வந்திருப்பேனே சார்!"

டிப்போவே சிரித்தது. பஸ் வேலைக்குத் தகுதி என்று எழுதி டாக்டர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தினமும் வருகிற பெரியவர் ஒருவர் அவளைக் கண்டதும், "எங்கம்மா போயிட்ட? நீ இல்லாம பஸ்ஸே ஊமையாப் போச்சு!" என்றார்.

"வந்துட்டேன்ல! கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. உள்ள போங்க, நடுவுல இடமிருக்கு!"

பஸ் குலுங்கி வளைவில் திரும்பியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, டிக்கெட் கிழித்தபடி, பின்படியிலிருந்து முன்படிவரை நடந்தாள் விசிலக்கா.